மிஞ்சும் சிறுநீரகம்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலை மாவட்டத்தில் வெளிவேலை செய்பவர்களுக்குச் சலம் குறையும், நிறம் கடுக்கும். கடலில் நிற்பவருக்கும், கந்தளாய்ப் பக்கம் வயலில் நிற்பவருக்கும், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவருக்கும் இது பழகிய விடயம். அந்த நாட்களில் சலம் ஒருதரம் சிவப்பாகப் போனால் “சூடு பிடிச்சிட்டுது” என்பார்கள். செவ்விளநீர் வெட்டுவார்கள். நீர்முள்ளியோ சிறுகண்பீளையோ அவித்துக் குடிப்பார்கள். மூன்றாம் நாள் சலம் தெளிந்துவிடும். மருந்து கேட்டுவிட்டது என்று மனம் ஆறும்.

பல வேளைகளில் அந்தக் கணிப்புப் பெரிதாகப் பிழைப்பதில்லை. கல் உராய்ந்திருக்கும், அல்லது கிருமி தொற்றியிருக்கும். ஆனால் சலத்தில் இரத்தம் காட்டும் நோய்களில் ஒன்றுக்கு, தானாகவே நின்றுவிடுவதுதான் இயல்பு. சிறுநீரகப் புற்றுநோய் ஒருநாள் கசியும், நிற்கும், மாதக்கணக்கில் ஒன்றும் காட்டாது, பிறகு மீண்டும் கசியும். நோவும் இருக்காது. குடித்த கசாயத்துக்கும் இரத்தம் நின்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலே இரண்டும் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன. அந்த நாளில் தவறிப்போகும் மாதங்கள் இந்த நோயில் மிகவும் விலை கூடியவை. எந்த மருந்தைக் கொடுத்தாலும் அவற்றை மீட்க முடிவதில்லை.

இந்த உறுப்பு இவ்வளவு பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புகளின் கீழ், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது சிறுநீரகம். நீளம் 11 சென்ரிமீற்றர் வரை, எடை 150 கிராம் அளவு. இதயம் தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்குள் போகிறது. நாள் ஒன்றுக்கு 180 லீற்றர் நீரை வடிகட்டி, ஒன்றரை லீற்றர் தவிர மற்ற எல்லாவற்றையும் அவை உடலுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. இத்தனை வேலை நடக்கும் திசுவின் உட்பகுதியில் நோவை உணரும் நரம்புகள் இல்லை என்றே சொல்லலாம். மேலுறை இழுபடும்போதுதான் நோகும். ஆகவே உள்ளே ஒரு கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தாலும் அதைச் சுமப்பவர் வழமைபோல வலை இழுத்துக்கொண்டிருப்பார்.

மருத்துவ மாணவர்களுக்கு மூன்று அடையாளங்கள் சொல்லிக் கொடுப்பார்கள்: சலத்தில் இரத்தம், விலாப்புறத்தில் நோவு, கைக்குத் தட்டுப்படும் கட்டி. மூன்றும் சேர்ந்து வருவது நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்படி வந்தால் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வேறு விசித்திரமான அடையாளங்களும் உண்டு. இடது விதையிலிருந்து வரும் நாளம் நேராக இடது சிறுநீரக நாளத்தில் போய்ச் சேர்கிறது. நடுவயது தாண்டிய ஒருவருக்கு இடது விதைப்பையில் திடீரென நாளங்கள் புடைத்தால், மேலே சிறுநீரக நாளத்தைக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடம் என்பதால் இதுவும் மறைந்து போகிறது.

ஸ்கேன் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில் இன்று கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் தற்செயலாகத் தெரிந்தவை. பித்தப்பைக் கல்லுக்கோ வயிற்றுப்பொருமலுக்கோ எடுத்த ஸ்கேனில், யாரும் தேடாத இடத்தில், சிறுநீரகத்தின் ஓரம் உருண்டு நிற்கும். அப்படி அகப்படுவது பெரும்பாலும் சிறிய கட்டி. நான்கு சென்ரிமீற்றருக்குள் இருந்தால் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். ஏழு சென்ரிமீற்றர் வரை முதலாம் படிநிலை என்றே கணக்கு. பிறகு நாளத்துக்குள் இறங்கும். இந்தப் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சிறுநீரக நாளம் வழியாகப் பெருநாளத்துக்குள் நீண்டு, சிலரில் இதயத்தின் வலது அறை வரைக்கும் வளர்ந்துகொண்டே போகும். அமெரிக்கப் பதிவுகளின்படி, சிறுநீரகத்துக்குள்ளேயே கட்டி இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் கூட அந்த எல்லையைத் தொடுவதில்லை.

உலகில் 2022இல் ஏறத்தாழ 4 இலட்சத்து 35 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 1 இலட்சத்து 56 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கையில் ஆண்களுக்கு வாய்ப்புற்று, பெண்களுக்கு மார்பகப் புற்று என்ற இரண்டும்தான் பேச்சை நிறைக்கின்றன. சிறுநீரகப் புற்று அந்தப் பட்டியலில் கீழேதான் நிற்கிறது. அதனாலேயே அதைப்பற்றி ஊரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை.

ஸ்கேன் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் மாவட்டத்தின் படமே வேறாகத் தெரியும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் ஒரு பெண் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒருநாள் ஸ்கேன் மேசையில் படுப்பாள். அவளுடைய கணவன் வாடியில் மீன் உலர்த்திக்கொண்டிருப்பவன். அவன் கொப்பியே திறந்ததில்லை. இந்தப் புற்றுநோயோ பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. 2011இலிருந்து நாடெங்கும் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். வருபவர்களில் பெரும்பகுதி பெண்கள். அங்கே வயிற்று ஸ்கேன் எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சிறுநீரகப் புற்றுக்கு உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள் மூன்று: புகைத்தல், உடற்பருமன், உயர் குருதியமுக்கம். மூன்றையும் அந்த மேசையிலேயே கேட்டுவிடலாம்.

துறைமுக ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புப் பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ உலகெங்கும் பட்டறைகளில் பயன்பட்ட கரைப்பான் ட்ரைகுளோரோஎதிலீன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. அப்படிச் சேர்த்ததற்கு ஆதாரமாக நின்றது சிறுநீரகப் புற்றுநோய்தான். இயந்திரத் திருத்துமிடங்களில் வேலை செய்தவர் மருத்துவரிடம் போகும்போது, என்னென்ன திரவத்தில் கை நனைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. எந்த நாடும் அப்படிச் செய்வதில்லை. நாற்பது வயது தாண்டிய ஒருவருக்கு நோவில்லாமல் சலத்தில் இரத்தம் போனால், அது ஒரே தரம் போயிருந்தாலும், நின்றுவிட்டிருந்தாலும், ஒரு வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது என்பது என் முடிவு. மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை படகுக்காகக் காத்து நின்ற தலைமுறைக்கு, திருகோணமலை நகரின் மாவட்டப் பொது வைத்தியசாலை இன்று அவ்வளவு தூரமில்லை.

வெட்டியெடுத்த கட்டியை நோயியல் ஆய்வுகூடத்தில் இரண்டாகப் பிளந்தால் உள்ளே மஞ்சள் நிறம் மின்னும். பொன் மஞ்சள். இடையிடையே கருஞ்சிவப்பாக இரத்தம் உறைந்த திட்டுகள். அந்த மஞ்சள் கொழுப்பு. சிறுநீரகப் புற்றுகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இந்த வகைதான். மெல்லிய சீவலாக வெட்டி, அற்ககோலில் கழுவி, கண்ணாடித் தட்டில் வைக்கும்போது கலங்களுக்குள் இருந்த கொழுப்பும் கிளைக்கோசனும் கரைந்து போய்விடும். நுணுக்குக்காட்டியில் ஓரக் கோடும் ஒரு கருவும் மட்டும் மிஞ்சும், நடுவெல்லாம் வெறுமை. அதனால் இதற்குத் தெளிகலப் புற்று என்று பெயர்.

அந்தக் கலங்கள் ஏன் கொழுப்பைச் சேர்க்கின்றன, ஏன் இவ்வளவு இரத்தம் பாய்கிறது என்ற கேள்விக்குப் பதில் மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் குறுங்கரத்தில் விஎச்எல் என்றொரு பரம்பரையலகு. கண்ணிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் வரும் ஓர் அரிய குடும்ப நோயை விவரித்த வொன் ஹிப்பெல், லிண்டாவ் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். 1993இல் அதைக் கண்டுபிடித்தார்கள். உடலின் ஒவ்வொரு கலமும் தனக்கு ஒட்சிசன் போதுமா என்று அளந்துகொண்டே இருக்கிறது. குறைந்தால் ஒரு புரதம் தேங்கி, புதுக் குருதிக்குழாய் முளைக்க வேண்டும், செங்குருதிக் கலங்கள் கூட வேண்டும் என்று கட்டளையிடும். ஒட்சிசன் போதியளவு இருந்தால் விஎச்எல் அந்தப் புரதத்தைப் பிடித்து அழித்துவிடும். இந்த ஏற்பாட்டை விளக்கியதற்காக வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. தெளிகலப் புற்றில் பத்தில் ஒன்பது அளவுக்கு விஎச்எல் செயலிழந்திருக்கிறது. கலத்தைச் சுற்றிக் குருதி தாராளமாக ஓடுகிறது. கலம் மட்டும் தனக்கு மூச்சுத் திணறுவதாகவே நம்பிக் குழாய்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்குத் தீராத வியப்புத் தருவது 2018இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு. கட்டிகளில் பதிந்திருக்கும் மாற்றங்களை எண்ணி, மூன்றாம் நிறமூர்த்தத்தின் அந்தத் துண்டு எப்போது தொலைந்தது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களில் அது சிறுவயதிலோ பதின்ம வயதிலோ நடந்திருக்கிறது. அப்போது அந்த இழப்பைச் சுமந்தவை அதிகம் போனால் சில நூறு கலங்கள்தான். அறுபது வயதில் கண்டுபிடிக்கப்படும் நோய் பள்ளிக்கூடக் காலத்தில் முதல் அடி வைத்திருக்கிறது. இடையில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள். புகையும் எடையும் பிரஷரும் அந்த நீண்ட இடைவெளியில்தான் தங்கள் வேலையைச் செய்கின்றன. தடுப்பதற்கான காலமும் அந்த இடைவெளிதான்.

புற்றுநோய் என்றதும் நம் ஊரில் மனதில் வருவது கீமோவும் கரண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு இங்கே ‘கரண்ட் பிடிக்கிறது’ என்றும் சொல்வார்கள். தலைமயிர் கொட்டும், வாந்தி வரும் என்று பயந்தே பலர் வைத்தியசாலையைத் தவிர்க்கிறார்கள். சிறுநீரகப் புற்றுக்கு இந்தப் பயம் பொருந்தாது. வழமையான கீமோ இதில் ஏறக்குறைய வேலை செய்வதே இல்லை. இந்தப் புற்று பிறக்கும் கலங்கள் சிறுநீரகக் குழாய்களின் உட்சுவரில் இருப்பவை. நஞ்சை உடலிலிருந்து சலத்துக்குள் தள்ளுவதே அவற்றின் பிறவித் தொழில். அதற்கென்று கலச்சுவரில் புரதப் பம்பிகள் வைத்திருக்கின்றன. புற்றாக மாறிய பிறகும் அந்தத் தொழிலை அவை மறப்பதில்லை. ஒழுகும் தோணியில் இருப்பவர் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல, உள்ளே வந்த கீமோ மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. கதிர்ச் சிகிச்சைக்கும் வழமையான அளவுகளில் பெரிதாக மசியாது. எலும்பு நோவைத் தணிக்கவும் மூளைக்குப் பரவியதைக் கட்டுப்படுத்தவும் அது உதவும். ஆகவே பரவாத நோய்க்குச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் கத்திதான். அந்தக் கத்தி முழுமையாகக் குணமாக்கவும் கூடும்.

1869இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் குஸ்டாவ் சிமோன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். புற்றுநோய்க்காக அல்ல, சிறுநீர்க்குழாயில் ஏற்பட்ட ஓட்டைக்காக. அதற்கு முன்னர் நாய்களில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அவை பிழைக்கின்றனவா என்று பார்த்திருந்தார். அந்தப் பெண் பிழைத்தாள். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புற்று என்றால் சிறுநீரகம் முழுவதையும், சுற்றியுள்ள கொழுப்போடும் உறையோடும், எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது.

இன்று சிறிய கட்டிகளுக்கு அதை மட்டும் எடுக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்வது கடினம். சிறுநீரகத்தை வெட்டினால் இரத்தம் பீறிடும். ஆகவே முதலில் அதற்குப் போகும் நாடியைக் கவ்வியால் இறுக்குவார்கள். அந்தக் கணத்திலிருந்து நேரம் ஓடுகிறது. அறையில் ஒருவர் நிமிடங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். சிறுநீரகம் வெளிறி மென்மையாகும். கட்டியைச் சுற்றி மெல்லிய நல்ல திசுவோடு வெட்டி, திறந்த சிறு குழாய்களைத் தைத்து, குழியை மூடித் தைத்து, கவ்வியை எடுக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது நிமிடம் தாண்டினால் காப்பாற்ற நினைத்த திசுவே சேதப்படலாம். கவ்வி திறந்ததும் வெளிறிய உறுப்பு மீண்டும் சிவக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, இன்னொன்றுதான் இருக்கிறதே என்று கேட்கலாம். நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பதில் சொல்கிறது. சிறிய கட்டி, இரண்டு சிறுநீரகம், இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற கழிவு வழமையான அளவு என்றிருந்த 662 பேரை எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டபோது, அவர்களில் நான்கில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சிறுநீரகம் தளர்ந்திருந்தது. மூன்று ஆண்டு கழித்து, கட்டியை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் நாட்பட்ட சிறுநீரக நோயின் எல்லைக்குள் வராமல் இருந்தார்கள். முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தவர்களில் அப்படித் தப்பியவர்கள் நூற்றுக்கு 35 பேர்.

அந்த எண்களைத் திருகோணமலையில் வைத்துப் படிக்க வேண்டும். மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் பதவி ஸ்ரீபுர இருக்கிறது. 1990களில் மதவாச்சி, பதவிய பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயின் நிலத்தோடு அது ஒட்டிக் கிடக்கிறது. அந்த நோயில் பதவி ஸ்ரீபுரவும் மாட்டியது. நெல் விவசாயிகள், அதிலும் உழைக்கும் வயது ஆண்கள், சீனியும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் சிறுநீரகம் இழந்தார்கள். கிணற்று நீரா, கடின நீரோடு சேர்ந்த களைநாசினியா, வெயிலில் திரும்பத் திரும்ப உடல் வறள்வதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இந்த நோய் குழாய்களைச் சுற்றியுள்ள திசுவை மெல்ல அரிக்கிறது. சலத்தில் புரதம் அதிகம் போகாது. ஆகவே சாதாரணக் குச்சிச் சோதனையில் தப்பிவிடும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் ஒருவரின் இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தால், மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வலது சிறுநீரகத்தைப் பற்றியது. அதுவும் ஏற்கனவே அரிக்கப்பட்டிருந்தால், இடதை முழுவதாக எடுப்பது புற்றைக் குணமாக்கி ஆளை இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் ஏற்றிவிடும். பொலன்னறுவையில் 2021இல் தேசிய சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டிருக்கிறது. வாரம் இரண்டு மூன்று தரம் அங்கு போய்வருவது ஒரு கூலி விவசாயிக்கு வாழ்நாள் தண்டனை. நீண்டகாலம் இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்களின் சுருங்கிய சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் உருவாகி, அங்கேயே புதிதாகப் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு நோய்களும் ஒன்றின் வாசலில் மற்றது நிற்கின்றன. இங்கே சத்திரசிகிச்சைக்கு முன்னர் கிரியேற்றினின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது போதாது. வெயிலில் மெலிந்த, தசை குறைந்த உடலில் அந்த எண் உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

குணமாகி வீடு வந்தவர்களின் கதை அதிகம் எழுதப்படுவதில்லை. மிஞ்சிய சிறுநீரகம் சில வாரங்களிலேயே பருத்து, கூடுதல் வேலையை ஏற்கும். சிறுநீரகம் தானம் செய்த ஆரோக்கியமானவர்களில் அது முன்னர் இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு வரை எட்டுகிறது. வயதும் சீனியும் சேர்ந்த உடலில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அந்த உறுப்புக்கு இங்கே பெரிய எதிரி, கடையில் துண்டில்லாமலே வாங்கும் நோவுக் குளிசை. வலை இழுத்த முதுகுக்கும் வரப்பு வெட்டிய இடுப்புக்கும் டைக்குளோஃபெனாக்கும் இபுபுறோஃபெனும் மிட்டாய் மாதிரி விழுங்கப்படுகின்றன. இவை சிறுநீரகத்துக்குள் போகும் நாடிகளைச் சுருக்கும். உடல் வறண்ட கச்சான் நாளில், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர் இதை விழுங்கினால் அன்றைக்கே சலம் நின்றுபோகலாம். அளவோடு எடுக்கும் பரசிற்றமோல் அவற்றைவிடப் பாதுகாப்பானது. வைத்தியசாலையை விட்டு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில் தையல் எப்போது வெட்டுவது என்று எழுதுகிறார்கள். ‘ஒற்றைச் சிறுநீரகம், நோவுக் குளிசை கூடாது’ என்பதை அதைவிடப் பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். கடைக்காரர் வாசிக்கும் அளவுக்கு.

இன்னொரு கடமை திரும்பிப் போய்க் காட்டுவது. இந்தப் புற்று ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் நுரையீரலிலோ எலும்பிலோ தலைகாட்டும். முதல் சில ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருதரம், பிறகு ஆண்டுக்கு ஒருதரம் ஸ்கேன் என்பது பொதுவான ஒழுங்கு. கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். மஹரகமவின் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு முதல்நாள் இரவே புறப்பட வேண்டும். துணைக்கு ஒருவர், அவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பு, மொழி தெரியாத இடத்தில் வரிசை. மருந்தும் சிகிச்சையும் இலவசம் என்பது இந்த நாட்டின் பெருமை. பஸ் காசும் கூலி இழப்பும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இரண்டாம் ஆண்டு நன்றாக இருக்கும் ஒருவர் மூன்றாம் ஆண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதை அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும் அநுராதபுரத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை இருப்பதால், கண்காணிப்பையாவது கிட்டிய ஊருக்கு மாற்றித் தரும்படி நோயாளி கேட்கலாம். கேட்கும் உரிமை இருக்கிறது.

பரவிய நோய்க்கு 2005 வரை கையில் இருந்தது மிகக் குறைவு. அந்த ஆண்டின் இறுதியில் சொராஃபெனிப், அடுத்த மாதமே சுனிற்றினிப் என்ற குளிசைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பொய்யாக மூச்சுத் திணறும் அந்தக் கலம் கேட்டு வாங்கும் குருதிக்குழாய்களை வளரவிடாமல் தடுப்பது இவற்றின் வேலை. விஎச்எல் ஆய்வு நேராகக் குளிசையாக வந்தது இப்படித்தான். சுனிற்றினிப்பை நான்கு வாரம் எடுத்து இரண்டு வாரம் விடுவது வழக்கம். சிலரின் தலைமயிர் மருந்து எடுக்கும் வாரங்களில் வெள்ளையாகவும் விட்ட வாரங்களில் கறுப்பாகவும் வளரும். ஒரே மயிரில் மாறிமாறிப் பட்டை விழுந்திருக்கும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து வெடிப்பதும் உண்டு. மேசை வேலை செய்பவர் அதைச் சமாளிப்பார். உப்புத் தண்ணீரில் கயிறு பிடிப்பவருக்கு அதோடு தொழில் நின்றுவிடும். மருந்தின் அளவைக் குறைக்கவோ வாரங்களை மாற்றவோ முடியும். அதற்கு மருத்துவர் தொழிலைக் கேட்டிருக்க வேண்டும், நோயாளியும் கையை விரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

விலையும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் சொராஃபெனிப் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் இந்திய ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி பி. எச். குரியன், பேயர் நிறுவனத்தின் காப்புரிமை இருக்கும்போதே ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். நாட்கோ அதே மாத மருந்தை 8,880 ரூபாய்க்குக் கொடுத்தது. இந்தியாவில் அப்படி ஒரு மருந்துக்கு உரிமம் கிடைத்தது அதுவே முதல் தடவை. இலங்கை தனக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, அதிலும் இந்தியாவிலிருந்து, வாங்குகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது புற்றுநோய் மருந்துகளும் தட்டுப்பட்டன. நான்கு வாரம் எடுத்து இரண்டு வாரம் விட வேண்டிய ஒழுங்கு, கையிருப்பு இருந்தால் எடுப்பது என்றாகிவிட்டால் கட்டி அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும்.

2015இலிருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசிகள் சிறுநீரகப் புற்றுக்கும் வந்தன. அவற்றின் அடிப்படையைக் கண்டவர்கள் ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்ஜோவும். 2018இல் நோபல் பெற்றார்கள். இந்தப் புற்று இவற்றுக்கு நன்றாகவே மசிகிறது. சிலரில் கட்டிகள் முற்றாக மறைந்து ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருக்கின்றன. ஆனால் விலை மலை. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வழமையான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் இந்த வகை ஊசியான நிவோலுமாப் கொடுத்து ஆயுள் கூடியதை 2022இல் காட்டினார்கள். சிறுநீரகப் புற்றில் அதே கேள்வியைக் கேட்டுச் சோதிக்க நம்மைப் போன்ற நாடுகளுக்குத்தான் அவசரம் இருக்கிறது.

யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க 2009இல் கனடாவின் டானியல் ஹெங் குழு தந்த ஆறு கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்தவை. நோயாளி தன் வேலையைத் தானே செய்கிறாரா, கண்டுபிடித்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின் குறைவா, கல்சியம் கூடவா, நடுநிலைநாடி வெண்கலங்கள் கூடவா, குருதிச் சிறுதட்டுகள் கூடவா. நான்கை ஒரு ஆதார வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும். ஒன்றும் இல்லையென்றால் நல்ல நிலை, மூன்றோ அதற்கு மேலோ என்றால் கடுமையான நிலை. ஒரு எச்சரிக்கை மட்டும். குருதி உற்பத்தியைத் தூண்டும் ஓமோனைச் சிறுநீரகமே செய்கிறது. பதவி ஸ்ரீபுரவிலிருந்து வருபவரின் ஹீமோகுளோபின் குறைவுக்கு, புற்று அல்லாமல் அரிக்கப்பட்ட மற்றச் சிறுநீரகமே காரணமாக இருக்கலாம். வேறு நாட்டில் செய்த அளவுகோலை இந்த ஊரில் வைக்கும்போது அதை நினைவில் வைக்க வேண்டும்.

காரணம் தெரியாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி இந்தப் புற்றுநோயே ஏதாவது சொல்லக்கூடும். 2024இல் ‘நேச்சர்’ இதழில் 11 நாடுகளைச் சேர்ந்த 962 பேரின் சிறுநீரகப் புற்றுகளின் மரபணுவை முழுதாகப் படித்த ஆய்வு வந்தது. ஒவ்வொரு நச்சும் டி.என்.ஏ.யில் தனக்கே உரிய விதத்தில் எழுத்துகளை மாற்றுகிறது. சேர்பியா, ருமேனியா, தாய்லாந்து நோயாளிகளில் அரிஸ்டொலோக்கிக் அமிலத்தின் சுவடு தெரிந்தது: அடினீன் இருந்த இடங்களில் தைமின். ஜப்பானியர்களில் பத்தில் ஏழு பேரிடம், எதனால் வந்தது என்று இன்னும் பிடிபடாத வேறொரு சுவடு. டான்யூப் கரைக் கிராமங்களில் தலைமுறைகளாகச் சிறுநீரகத்தை அழித்த மர்ம நோய்க்குக் காரணம் கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டொலோக்கியாச் செடிதான் என்பதை உறுதிசெய்ததும் இதே சுவடுதான். அந்தச் செடியின் உறவினர்கள் நமக்கும் பழக்கமானவை: ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி. இரண்டும் நாட்டு மருந்தில் உள்ளவை. பிரசெல்ஸ் நகரில் 1990களின் தொடக்கத்தில் மெலிவதற்கென்று இந்த இனச் செடி கலந்த குளிசை விழுங்கிய பல பெண்கள் சிறுநீரகம் இழந்தார்கள். சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றும் வந்தது. கசாயத்தில் அவை இருந்தால் குடிக்கக் கூடாது. இதில் மழுப்ப இடமில்லை.

அந்த 11 நாடுகளில் இலங்கை இல்லை, இந்தியாவும் இல்லை. பதவி ஸ்ரீபுரவிலோ கோமரன்கடவலவிலோ வாழ்ந்த ஒருவரின் சிறுநீரகக் கட்டி வெட்டப்படும்போது அதன் துண்டுகள் நோயியல் பிரிவில் மெழுகுக் கட்டிகளாகச் சேமிக்கப்படுகின்றன. மெழுகில் கிடந்த டி.என்.ஏ. சற்றுச் சிதைந்திருக்கும்; ஆனாலும் இன்றைய கருவிகளால் அதைப் படிக்க முடிகிறது. நெல் வயல் ஊர்களின் கட்டிகளை, கடற்கரை ஊர்களின் கட்டிகளோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏதாவது ஒரு நச்சின் சுவடு ஒன்றில் மட்டும் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம், அப்போது டி.என்.ஏ.யை நேராகத் தாக்கும் நச்சுகள் மீதான சந்தேகம் குறைந்து, வெயிலும் வறட்சியும் பக்கம் ஆய்வு நகரும். முப்பது ஆண்டுகளாகக் கிணற்று நீரையும் மண்ணையும் சலத்தையும் சோதித்தவர்கள் இந்த மெழுகுக் கட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது நோயாளியின் சம்மதம், அவர் எந்த ஊரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எந்தக் கிணற்றில் குடித்தார் என்று கொப்பியில் எழுதிவைக்கும் ஒரு வழக்கம், படிப்பதற்கான பணம். முதல் இரண்டையும் நாளைய கிளினிக்கிலேயே தொடங்கலாம்.